ஏழு வெட்டுகளும் ஒரு கட்டணமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் தமிழ் தெரியும் என்று கேள்விப்பட்டதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். மென்பொருளை ஒரு வாரத்தில் பழகிவிடுவீர்கள். முகத்தைச் சுற்றிக் கட்டம் போடுவது, முகம் நகர நகரக் கட்டத்தை நகர்த்துவது, கடைக் கண்ணாடியில் தெரியும் முகத்தையும் மறக்காமல் பிடிப்பது எல்லாம் கைப்பழக்கம். நான் சொல்ல வருவது, கை நன்றாகப் பழகிய பிறகு நடந்த ஒரு பிழையைப் பற்றி. பிழை என்னுடையது.

பாரிசில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பதினேழு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகை நின்றதும் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் ஒரு தளபாடக் கடைக்கு மேலே அப்போது இருந்த நம் அலுவலகத்தில் சேர்ந்தேன். பத்திரிகையில் என் வேலை பெயர்களைச் சரியாகப் போடுவது. மரண அறிவித்தலில் ஓர் எழுத்து பிழைத்தால் திங்கட்கிழமை காலை வாசலில் ஆள் நிற்கும். இங்கே வேலை நேர்மாறு. பொலிஸ்காரரின் நெஞ்சில் மாட்டியிருக்கும் கமராவில் பதிவானதை வெளியே கொடுப்பதற்கு முன், சம்பந்தமில்லாதவர்களின் முகம், பெயர், வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுத்து முடிக்க எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று முதலில் மதிப்பிட்டுச் சொல்வதும் நாங்கள்தான். அந்த மணித்தியாலக் கணக்குத்தான் கேட்பவர் கட்டும் கட்டணம்.

ஒரு செக்கன் வீடியோவில் இருபத்தைந்து படங்கள். ஒருவர் தெருவைக் கடக்க நாலு செக்கன் எடுத்தால், அவர் முகத்தை நூறு தடவை மறைக்க வேண்டும். அவர் தலையைத் திருப்பினால் மென்பொருள் அவரைத் தவறவிடும். நீங்கள் திரும்பப் போய்ப் பிடிக்க வேண்டும். ஆகவே மதிப்பீடு என்பது ஆட்களை எண்ணுவதுதான்.

நான் சொல்லப்போகும் வீடியோ பதினொரு நிமிடம். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு ட்ராம் தரிப்பிடம், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணியளவு, லேசான தூறல். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழர் விழுந்து கிடக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பொலிஸ்காரர் ஒருவர் முழங்காலில் நிற்கிறார். கமரா அவர் நெஞ்சில் இருப்பதால் பெரும்பாலான நேரம் தெரிவது அவருடைய இரண்டு கைகளும், விழுந்தவரின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும். ஆம்புலன்ஸ் வரும்போது அவர் உயிர் போய்விட்டது.

முதல் தடவை பார்க்கும்போது அந்த இரண்டு பேரைத்தான் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். மதிப்பீட்டுக்காக இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் விளிம்பில் இருந்தவர்கள் தெரிந்தார்கள். ஒரு பெண் மழைச் சட்டையைக் கழற்றி மடித்து அவர் தலைக்குக் கீழே வைக்கிறாள். பிறகு வீடியோ முடியும்வரை நனைந்தபடி நிற்கிறாள். கட்டட வேலை உடுப்பில் ஒருவர் கைகளை அகல விரித்து, பின்னால் வருபவர்களை மறு பக்கமாகத் திருப்புகிறார். வந்து நின்ற ட்ராமில் கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக முகங்கள். கைத்தொலைபேசியை உயர்த்திய ஒருவரின் கையைப் பக்கத்தில் இருந்தவர் மெல்லக் கீழே இறக்குகிறார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தொரு பேர். லண்டனில் முப்பது வருடம் இருந்தாலும் இதைப் பார்த்திருக்க மாட்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் விழுந்தவரைத்தான் பார்த்திருப்பேன். இவர்கள் எல்லோரையும் முகத்தோடு பார்த்த ஒரே ஆள் நான். என் வேலை அவர்களை மங்கலாக்குவது. வீடியோவை இன்னொரு தடவை ஓட விட்டேன். பிறகு மணித்தியாலத்தைக் கணக்குப் போட்டு அனுப்பினேன். தொகை பெரியது.

வீடியோவைக் கேட்டவர் இறந்தவரின் மனைவி. தன்னுடைய படத்தைத் தானே கேட்பவர் பொதுவாகக் காசு கட்டுவதில்லை. இறந்தவரின் படத்தைக் கேட்கும் குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தப் பொலிஸ் பிரிவு மனம் வைத்துக் கொடுக்கலாம், செலவைக் கேட்பவர் ஏற்க வேண்டும். மதிப்பீட்டுக் கடிதம் போய் மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் வந்தார். தமிழ் என்பதால் என்னிடம் தந்தார்கள்.

"தம்பி, நீங்கள் எங்கட ஆளோ?"

"ஓம் அக்கா, சொல்லுங்கோ."

"கடிதத்தில ஒரு தொகை போட்டிருக்கு. இது மாசாமாசம் கட்டுறதோ, ஒரேயடியாவோ?"

"ஒரேயடியா அக்கா. அவ்வளவும்தான்."

"படம் எடுத்தது பொலிஸ். செத்தது என்ர மனுசன். காசு கட்டுறது நான். கோவிக்காமல் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ பாப்பம்."

விளங்கப்படுத்தினேன். மற்றவர்களின் முகத்தை ஒவ்வொரு படமாக மறைக்க வேண்டும், அதற்கு நேரம் செல்லும் என்றேன்.

"எத்தினை முகம்?"

"நாப்பத்தியொண்டு."

தொகையை நினைக்கிறார் என்று எண்ணினேன்.

"நாப்பத்தியொரு சனம் நிண்டதோ?" என்றார். "நான் அவர் தனியக் கிடந்து செத்தவர் எண்டெல்லோ இருந்தனான்."

மதிப்பீட்டுத் தாளை அன்றுவரை விலைச்சீட்டாகத்தான் பார்த்திருந்தேன். அந்த எண்ணை அவர் வேறு விதமாக வாசித்தார். அவரே தொடர்ந்தார்.

அவர்கள் ஜேர்மனியில் இருபது வருடம் கடை வைத்திருந்துவிட்டு மிச்சம் ஊருக்கு வந்தவர்கள். கணவருக்கு ஜேர்மன், ஆங்கிலம் இரண்டும் நன்றாக வரும். விழுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பக்கவாதம் வந்து இரண்டையும் கொண்டுபோய்விட்டது. தமிழ் மட்டும், அதுவும் துண்டு துண்டாக, மிஞ்சியது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா லூயிஷாம் கோயிலில் இருந்திருக்கிறார். பூசை நேரம் போனை நிறுத்தி வைத்திருந்தார்.

"எனக்கு முகம் ஒண்டும் வேண்டாம் தம்பி. அவர்ர முகம் எனக்குத் தெரியும். மற்ற ஆக்களின்ர முகத்தை வைச்சு நான் என்ன செய்ய? அவர் என்ன சொன்னவர், அது ஆருக்கும் விளங்கினதோ எண்டு மட்டும் கேக்கவேணும். சத்தத்தை மட்டும் தர ஏலாதோ?"

ஏலும். சத்தத்தை மட்டும் எடுத்துத் துப்புரவாக்க அரை நாள் போதும். கட்டணம் பத்தில் ஒரு பங்காக வந்தது. என்ன வேண்டும் என்று அவரிடம் முதலே கேட்டிருந்தால் நாற்பத்தொரு முகத்துக்கு விலை போட்டிருக்கவே தேவையில்லை. படிவத்தில் "வீடியோ" என்ற கட்டத்தில் பேனையால் போட்ட ஒரு புள்ளடி இருந்தது. நான் புள்ளடிக்கு விலை போட்டேன். இது முதற் பாடம். இதைவிடப் பெரியது பின்னால் வருகிறது.

அக்கா அன்றே கட்டிவிட்டார். பத்து நாளில் ஞாயிற்றுக்கிழமை ஆண்டுத் திவசம், அதற்கு முன் வேண்டும் என்றார். என்னிடம் வேறு மூன்று கோப்புகள் காத்திருந்தன. புதன்கிழமை மத்தியானம் ஹெட்போனைக் காதில் போட்டுப் பதிவைக் கேட்டேன்.

பொலிஸ்காரரின் குரல் இளம் குரல். மூச்சு வாங்க நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறார். இடையில் இறந்தவர் ஒரு சொல் சொல்கிறார்: "கிளி." பொலிஸ்காரர், "கிளி?" என்கிறார். விழுந்தவர், "கிளி எங்க?" என்கிறார். ஒரு கணம் தூறல் சத்தம் மட்டும். பிறகு பொலிஸ்காரர், "கிளி இஸ் கமிங், சேர்" என்கிறார். திரும்பவும் "கிளி." திரும்பவும், "யெஸ் சேர், கிளி இஸ் ஆன் ஹேர் வே," அவள் வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்கிறார். கடைசியாக ஒரு தடவை, மிகவும் மெல்ல, "கிளி." அதற்குப் பிறகு அவர் குரல் இல்லை.

விதி எளிது. இறந்தவரின் பெயரும் விண்ணப்பித்தவரின் பெயரும் இருக்கலாம். மற்ற எவருடைய பெயரும் இருக்கக் கூடாது. விண்ணப்பித்தவரின் பெயர் படிவத்தில் இருந்தது: கடவுச்சீட்டில் உள்ளபடி நீளமான பெயர். அதில் கிளி இல்லை. மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம், யாரோ மூன்றாம் ஆள். ஏழு இடத்தில் வெட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு செக்கனுக்கும் குறைவு. வழக்கமான கடிதத்தை இணைத்து அனுப்பினேன்: "உங்களுடையதும் இறந்தவருடையதும் தவிர்ந்த பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன."

வெள்ளிக்கிழமை காலை அக்கா தொலைபேசி எடுத்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"கிடைச்சது தம்பி. கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான்."

"ஓம் அக்கா."

"அவர் ஆரையோ தேடினவர். 'எங்க' எண்டு கேக்கிறார். ஆர் எண்ட இடத்தில சத்தம் இல்லை. பொலிஸ் பெடியன் 'ஆன் ஹேர் வே' எண்டு சொல்லுறான். ஹேர் எண்டால் பொம்பிளை. அந்தளவு இங்கிலிஷ் எனக்குத் தெரியும்."

மேசையில் கிடந்த கடிதப் பிரதியை எடுத்தேன்.

"உங்கட கடிதத்தை மகளைக் கொண்டு வாசிப்பிச்சனான். என்ர பேரை வெட்டேல்லையாம். மற்ற ஆக்களின்ர பேர்தானாம் வெட்டினது. அப்ப அது நான் இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் ஜேர்மனிக்குப் போக முந்தி அவர் மூண்டு வருசம் அங்க தனிய இருந்தவர். நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேக்கோணும் எண்டு நினைச்சதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் எல்லாரையும் வைச்சு இதைப் போடுவம் எண்டு இருந்தனான். இனிப் போடுறதோ விடுறதோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பத்திரிகையில் இருந்தபோது எங்களுக்குப் பயம் அச்சான சொல்லில்தான். அச்சாகாத இடத்தைப் பற்றி எவரும் வழக்குப் போடுவதில்லை. இங்கே நான் ஏழு இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அந்த வெறுமையும் கடிதத்தில் இருந்த ஒற்றை வரியும் சேர்ந்து, அக்காவோடு நாற்பத்துமூன்று வருடம் வாழ்ந்த மனிதரைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தன. அந்தக் கணத்தில்தான் எனக்குத் தலைக்குள் வெளித்தது. என் சொந்த அக்கா இன்றைக்கும் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது என் கடவுச்சீட்டில் இல்லை, வங்கிப் புத்தகத்தில் இல்லை, இந்த நாட்டில் ஒரு காகிதத்திலும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வீட்டுப் பெயர் இருக்கிறது. அது தெரியாத ஒருவர் இதை வெட்டியிருந்தால் மன்னிக்கலாம்.

"கிளி என்பது நீங்களா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கக் கூடாது. அவர் இல்லை என்றால், யாரோ ஒருவரின் பெயரை நானே கொடுத்துவிட்டவன் ஆவேன். அவருக்கு மிஞ்சியிருக்கும் சந்தேகத்துக்கு ஒரு பெயரும் கிடைத்துவிடும். பெயர் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உங்களை வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?"

"அது ஏன் இப்ப?"

"சொல்லுங்கோ அக்கா."

"இப்ப ஆர் கூப்பிட இருக்கினம்? அம்மா ஐயா இருக்கேக்க கூப்பிட்டவை. பிறகு அவர் மட்டும். அதுவும் பிள்ளையளுக்கு முன்னால கூப்பிடமாட்டார், வெக்கம்."

"என்னெண்டு?"

"கிளி எண்டு."

நான் பேனையை மேசையில் வைத்தேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, இப்ப நான் ஒண்டும் சொல்ல ஏலாது. அந்தப் பதிவை ஒருத்தருக்கும் போடாதேங்கோ. பின்னேரத்துக்கிடையில போன் எடுக்கிறன்."

"ஆறுதலா எடுங்கோ தம்பி," என்றார். "இனி எனக்கு அவசரமில்லை."

இனி அலுவலகக் கதை. வெளியே போன கோப்பைத் திரும்பத் திறக்க இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, புதிய தகவல் வந்திருக்கிறது என்று எழுதுவது. அப்போது அது புதிய விண்ணப்பம், விண்ணப்பித்தவர் இன்னொரு தடவை கட்டணம் கட்ட வேண்டும், வரிசையில் நிற்கவும் வேண்டும். மற்றது, எங்கள் பிழை என்று எழுதுவது; அப்போது கட்டணமில்லை, அன்றே செய்யலாம், ஆனால் பிழைப் பதிவேட்டில் ஏறும். அந்தக் காலாண்டில் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தன. மூன்றாவது ஏறினால் பொலிஸோடுள்ள ஒப்பந்தப்படி நம் நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். என் சொந்த ஒப்பந்தமும் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

எங்கள் மேலாளர் ஓர் ஆங்கிலப் பெண்மணி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பெயர் படிவத்தில் இருந்ததா?"

"இல்லை."

"படிவத்தில் அப்படி ஒரு கேள்வியாவது இருந்ததா?"

"இல்லை."

"அப்படியென்றால் விதிப்படி நீங்கள் செய்தது சரி. புதிய தகவல் என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எதை எழுதுவது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கையெழுத்து உங்களுடையது."

அவர் சொன்னதில் தவறில்லை. அவர் என்னைத் தப்பவிடவே பார்த்தார். ஆனால் புதிய தகவல் என்று எழுதினால், கணவர் கூப்பிட்ட தன் பெயரைக் கேட்பதற்கு ஒரு பெண் இரண்டாம் தடவை காசு கட்ட வேண்டும், அதுவும் திவசம் முடிந்த பிறகு கேட்க வேண்டும். மேசையில் குனிந்து "பிழை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: எனக்குக் கேட்கத் தெரிந்திருந்த கேள்வியை நான் கேட்கவில்லை.

அவர் வாசித்தார். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, "அதை நான் கேட்கலாமா?" என்றார். வெட்டாத பதிவைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாதவர். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "அந்தப் பொலிஸ்காரருக்கு இந்த மொழி தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"ஆனால் அவருக்கு விளங்கியிருக்கிறது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இதுதான் என்னை இன்றுவரை விடாத விஷயம். தமிழ் தெரிந்த நான், அமைதியான அறையில், நல்ல கருவியைக் காதில் மாட்டி, வேண்டிய தடவை திரும்பக் கேட்கும் வசதியோடு இருந்து, அந்தச் சொல்லை "மூன்றாம் ஆள்" என்று எழுதினேன். தமிழே தெரியாத ஒரு பெடியன், தூறலில் முழங்காலில் நின்று, கைக்குக் கீழே ஒரு மனிதரின் நெஞ்சு ஓய்ந்துகொண்டிருக்க, "எங்க" என்ற சொல்லின் பொருள் தெரியாமலே அதை ஒரு கேள்வி என்று கண்டுபிடித்தான். கேட்கப்பட்டது ஒரு பெண் என்று கண்டுபிடித்தான். என்ன பதில் வேண்டும் என்றும் கண்டுபிடித்தான். எல்லாம் மூன்று செக்கனுக்குள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பின்னேரம் நாலு மணிக்கு வெட்டில்லாத ஏழு இடங்களோடு பதிவு போனது. மற்றபடி நடந்தவை: நிறுவனம் தண்டம் கட்டியது. என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு நீடித்தது. படிவத்தில் ஒன்பதாவது கேள்வி சேர்ந்தது: "உங்களையும் இறந்தவரையும் வீட்டில் எந்தப் பெயர்களால் அழைப்பார்கள்?" விண்ணப்பிக்கும் ஆங்கிலேயர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பதாக அறிகிறேன். பலர் நிரப்புகிறார்களாம். அதை நீக்கலாம் என்று எப்போதாவது எவராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார்.

"திவசத்தில போட்டனீங்களோ அக்கா?"

"இல்லைத் தம்பி. வந்த ஆக்களுக்குச் சோறு குடுத்து அனுப்பினன். பிறகு நானும் மகளும் மட்டும் இருந்து கேட்டனாங்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. 'ஆரம்மா கிளி?' எண்டு கேக்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான்தான் எண்டன். நம்பேல்லை. 'சும்மா போங்கோம்மா, அப்பா உங்களை அப்பிடிக் கூப்பிடுறதோ!' எண்டு சிரிச்சவள். பிறகு அழுதவள். பிறகு ரெண்டு பேரும் மிஞ்சின வடையைச் சாப்பிட்டனாங்கள்." அவரே சிரித்தார். "தம்பி, அந்தப் பொலிஸ் பெடியனுக்கு ஒரு கடிதம் எழுதினால் குடுப்பியளோ? பேர் தெரியாது."

பெயரை நான் சொல்ல முடியாது, ஆனால் கடிதத்தைச் சேர்ப்பிக்கலாம் என்றேன். இரண்டு நாளில் வந்தது. உறை ஒட்டப்படாமல் இருந்தது. ஒட்டாத எதையும் வாசித்துவிட்டே அனுப்ப வேண்டும் என்பது அலுவலக விதி. மகளின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டே வரி.

"நான்தான் கிளி. நான் வந்தேன், பிந்திவிட்டது."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றுவரை, கையில் வந்த எதையும் வெளியே விடுவதற்கு முன் எதை எடுப்பது என்றுதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தில் பெயர் இருந்தது. விதி தெரியும். உறையை ஒட்டி அனுப்பினேன்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று போன மாதம் அக்காவைக் கேட்டேன். "எழுதுங்கோ, பெடிபெட்டையள் படிக்கட்டும். ஆனா அந்தப் பேரைப் போடாதேங்கோ, வேற ஏதும் போடுங்கோ" என்றார். ஆகவே மேலே நீங்கள் "கிளி" என்று வாசித்த இடங்களிலெல்லாம் வேறொரு பெயர் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். இந்த வெட்டுக்குக் கட்டணம் இல்லை.